எண்ணெய் குடித்த மோட்டார்கள்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டு வார்த்தையில் முடிக்கிற ஆள் நான் இல்லை என்பது கூப்பிட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் வைத்திருக்கிறார்கள். தூக்கம் வருகிறவர்கள் தூங்குங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சீல் எப்படிப் போடுவது, கிரீஸ் எவ்வளவு தடவுவது, ஒயர் நுழைகிற இடத்தை எதை வைத்து அடைப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. கை பழகினால் அது தானாக வந்துவிடும். கடலுக்கு நடுவில், படகு ஆடும்போது, மோட்டார் நின்றுபோய், எல்லாரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்களே, அப்போது என்ன செய்வது? அதற்குப் பயிற்சி வகுப்பு கிடையாது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நான் திருப்புல்லாணிப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் எல்லாரும் நெல்லும் மிளகாயும் போட்டவர்கள். கடல் என்றால் எனக்கு அமாவாசைக்குச் சேதுக்கரையில் கால் நனைப்பது, அவ்வளவுதான். ஐ.டி.ஐ.யில் மோட்டாருக்குள் இருக்கிற செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயில், கட்டப் படித்துவிட்டு, ராமநாதபுரத்தில் மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் கடலோரத்து மண்டபம் ஊருக்குக் கூப்பிட்டவர் எங்கள் சார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சார் என்றே இருக்கட்டும். என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் பட்டறைக்குப் பொறுப்பாளர் அவர்.

அப்போது இந்தப் பக்கம் கூண்டில் மீன் வளர்ப்பது பரவ ஆரம்பித்திருந்தது. கடலில் ஒரு பெரிய வளையம் மிதக்கும். அதிலிருந்து வலை பை மாதிரி கீழே தொங்கும். உள்ளே கடல் விரால் மீன் வளரும். வலையில் ஓட்டை விழுந்தால் மீன் ஓடிப்போகும். ஒவ்வொரு முறையும் ஆள் முங்கிப் பார்க்க வேண்டாம், ஒரு சின்ன இயந்திரம் கேமராவோடு கீழே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்பது சாரின் யோசனை. ஊறுகாய்ப் பரணி அளவுக்கு ஒரு சட்டகம், அதில் மூன்று சின்ன மோட்டார்கள். பக்கவாட்டில் உள்ள இரண்டும் ஓட்டவும் திருப்பவும். நடுவில் உள்ளது மேலே கீழே கொண்டு போக. கேமரா பார்ப்பது ஒரு மெல்லிய ஒயர் வழியாகப் படகில் இருக்கிற திரையில் தெரியும். என் வேலை அந்த மூன்றும் கடல் தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்வது.

குடித்தன. பட்டறையில் வாளித் தண்ணீரில் போட்டால் நாள் முழுக்க ஜம்மென்று சுற்றும். கடலில் போட்டால் கொஞ்ச நேரத்தில் உயிரை விடும். சீலை மாற்றினோம், கிரீஸை மாற்றினோம், ரப்பர் வளையத்தை இரட்டையாகப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை.

சாரிடம் ஒரு பழக்கம் உண்டு. செத்த மோட்டாரை உடனே திறக்க விடமாட்டார். "முதல்ல சாப்பிடுவோம்" என்பார். கோபத்தில் இருக்கிற கை, காரணத்தையும் சேர்த்துத் துடைத்துப் போட்டுவிடும் என்பது அவர் எண்ணம். அப்படித்தான் ஒருநாள் மறுபடியும் ஒரு மோட்டார் செத்தது. படகிலேயே சாப்பாட்டை விரித்தோம். படகோட்டி காதர் அண்ணன் பெரியபட்டினத்துக்காரர். சார், நான், அவர் என்று மூன்று பேர்.

என் டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. காலையில் அவசரத்தில், ஆவி பறக்கிற சோற்றை அப்படியே வைத்து இறுக்கி மூடிவிட்டு வந்திருந்தேன். ஆறிப்போனதும் மூடி உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. சார் இழுத்துப் பார்த்தார். காதர் அண்ணன் வாங்கி, முழங்காலுக்கு நடுவில் வைத்துத் திருகினார்.

"யா அல்லா! என்னக்கா இது, சோத்தை வெல்டிங் வச்சுக் கொண்டாந்தியளா?"

"சூடா மூடிட்டேண்ணே. ஆறுனதும் உள்ள இழுத்துப் பிடிச்சுக்கிருச்சு."

சொல்லி முடித்ததும் எனக்குப் பொறி தட்டியது. சாரும் என்னையே பார்த்தார். இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் படகின் மேல்தட்டில் வெயிலில் கிடந்த மோட்டார்களுக்குப் போனது. கரையிலிருந்து கூண்டு வரைக்கும் அவை வெயிலில் காய்ந்துகொண்டே வருகின்றன. உள்ளே இருக்கிற காற்று சூடாகிப் பெருத்துக் கொஞ்சம் வெளியே போகிறது. பிறகு குளிர்ந்த கடலில் இறக்குகிறோம். காற்று சுருங்குகிறது. டிபன் மூடியை இழுத்தது போலவே, மோட்டாரின் தண்டைச் சுற்றி இருக்கிற மயிரிழை இடைவெளி வழியாகக் கடலை உள்ளே உறிஞ்சுகிறது. நிழலில் இருக்கிற வாளித் தண்ணீரில் இது எப்படித் தெரியும்?

"கடலு உள்ள வரலை சார், நாமதான் கூப்பிடுறோம்" என்றேன். சார் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. காதர் அண்ணனுக்கு மட்டும் அதில் சுவாரஸ்யம் இல்லை. "மோட்டாரை விடுங்க. சோத்தை எப்படித் திறக்குறது?" என்று கேட்டார். கடைசியில் பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த வெந்நீரை மூடி மேல் ஊற்றிச் சூடாக்கித் திறந்தோம். அத்தனை நாள் நத்தை போல ஊர்ந்த விடை, அன்று புளிச்சோற்றோடு வந்து சேர்ந்தது.

காற்றுதான் குற்றவாளி என்றால் காற்றே இல்லாமல் செய்துவிடுவோம் என்று, உள்ளே எண்ணெய் நிரப்பத் தீர்மானித்தோம். முதலில் கையில் கிடைத்தது தேங்காய் எண்ணெய். மோட்டார் சுற்றச் சுற்றப் பட்டறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. நன்றாகத்தான் ஓடியது. மார்கழியில் ஒரு காலை சுற்றவே மாட்டேன் என்றது. திறந்தால் எண்ணெய் உள்ளே வெண்ணெயாக உறைந்திருக்கிறது. உறையாத, நீர்த்த, மின்சாரம் கடத்தாத எண்ணெய் வேண்டும். தேடிப் பார்த்ததில் குழந்தைகளுக்குத் தேய்க்கிற பேபி ஆயில் சரியாக இருந்தது.

எண்ணெயும் சூட்டில் பெருக்கும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்க மோட்டாரின் பின்னால் நெகிழ்கிற மாதிரி ஏதாவது வேண்டும். பலதும் பார்த்துவிட்டுக் கடைசியில் வாங்கியது பால் பாட்டில் நிப்பிள். சிலிக்கானில் செய்தது, ஓட்டை போடாதது. மோட்டார் சூடானால் நிப்பிள் உப்பும், குளிர்ந்தால் ஒடுங்கும். தண்ணீருக்கு உள்ளே வர வேலையே இல்லை. எண்ணெய்க்குள் சுற்றுவதால் மோட்டாருக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம் வந்தது உண்மைதான். சோம்பேறியாக உயிரோடு இருந்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

இதில் என் பாடுதான் திண்டாட்டம். மருந்துக் கடையில் அடிக்கடி போய் பேபி ஆயிலும் நிப்பிளும் வாங்குகிற ஆள் நான். என் மகன் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் மெதுவாக, "இரட்டைப் பிள்ளையாக்கா?" என்றார்.

"இல்லைங்க, மூணு" என்றேன் வேகமாக. மோட்டார் மூன்று என்ற ஞாபகத்தில் சொன்னது. அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விளக்கிச் சொல்வதற்குள் கடையில் நின்ற இரண்டு பேர் செய்தியோடு வெளியே போய்விட்டார்கள். அந்த வாரமே காதர் அண்ணன் வீட்டு அக்கா மூன்று குட்டிச் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டார். சார் அவற்றைத் திருப்பிக் கொடுக்க விடவில்லை. மூன்று மோட்டாருக்கும் மாட்டிவிட்டார். படகில் கொண்டு போகும்போது வெயில் படாமல் இருக்கட்டும் என்று சொன்னார். சட்டைகள் வெயிலை உண்மையிலேயே தடுத்தன.

இதுவரை சொன்னது சந்தோஷக் கதை. இனிச் சொல்லப் போவதும் சந்தோஷத்தில்தான் முடியும். ஆனால் நடுவில் நான் வழி தெரியாமல் நின்ற கதை.

தங்கச்சிமடத்தைச் சேர்ந்த மரியபுஷ்பம் ஒரு மகளிர் குழுவுக்குத் தலைவி. முன்பு கடல்பாசி எடுக்க முங்கியவள். குழுப் பெண்கள் சேர்ந்து ஒரு கூண்டு வைத்திருந்தார்கள். குஞ்சாக விட்ட மீன்கள் தொடை பருமனுக்கு வளர்ந்து, இன்னும் சில நாளில் பிடிக்க வேண்டிய நேரம். ஒரு காலையில் பட்டறைக்கு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, என் கொழுந்தன் தூண்டில்ல ஒரு கடல் விராலைப் பிடிச்சிட்டுச் சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து காட்டுறான். வயித்தை அறுத்துப் பாத்தா, காலையில நான் தீனியா வெட்டிப் போட்ட சாளை மீன் துண்டு! நம்ம மீனைப் பிடிச்சு நமக்கே காட்டுறான்க்கா!"

கூண்டு வலை எங்கேயோ கிழிந்திருக்கிறது. முங்கிப் பார்க்க முடியாது. கச்சான் என்கிற மேற்குக் காற்றோடு சொறி மீன், ஜெல்லி மீன் என்பார்களே அது, கூட்டம் கூட்டமாக வந்து கூண்டைச் சுற்றி மிதந்தது. மேலே பட்டாலே தடித்துப் போகும், அதற்குள் முங்குவது உயிருக்கு ஆபத்து. வலை மொத்தத்தையும் தூக்கிப் பார்ப்பதும் நடக்காத காரியம். அத்தனை கனமான மீன் மிரண்டு ஒரே பக்கம் மோதினால் இருக்கிற கிழிசல் வாசலாகிவிடும். பொத்தல் எங்கே என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தூக்கித் தைக்கலாம்.

சார் அன்று ஊரில் இல்லை. இயந்திரத்தை எடுத்துக்கொண்டு நானும் தினேஷும் கிளம்பினோம். தினேஷ் அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்துச் சேர்ந்தவன். இயந்திரத்தை ஓட்டுவதில் அவன் கைக்கு இணை கிடையாது. காதர் அண்ணன் படகு ஓட்டினார். மரியபுஷ்பமும் குழுப் பெண்கள் நாலைந்து பேரும் இன்னொரு படகில் முன்னால் போனார்கள்.

கூண்டை நெருங்கும்போது ஒரு அலை படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. நங்கூரம் சறுக்கி வந்து இயந்திரத்தின் மேல் இடித்தது. எடுத்துப் பார்த்தால், நடு மோட்டாரின் நிப்பிள் கிழிந்து எண்ணெய் பலகையில் வழிந்துகொண்டிருக்கிறது. மாற்று நிப்பிள் கரையில் இருந்தது.

"அக்கா, எண்ணெய் இல்லாட்டியும் பரவால்ல, அப்படியே இறக்கிடுவோம். கொஞ்ச நேரம் ஓடினாப் போதும், பொத்தலைப் பாத்துட்டு ஏத்திடலாம்" என்றான் தினேஷ்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கொஞ்ச நேரம் ஓடியிருக்கவும் கூடும். ஆனால் மூன்று மோட்டாருக்கும் கேமராவுக்கும் ஒரே பேட்டரி. அந்த ஒன்று கடலைக் குடித்து ஷார்ட் ஆனால் எல்லாம் சேர்ந்து போய்விடும். அதற்கு மேல் அன்றைக்குப் பார்க்க எங்களிடம் கண்ணே இருக்காது. "வேண்டாம் தினேஷ், இறக்காதே" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அடுத்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கூண்டின் வளையத்தில் நின்ற பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் பார்த்தால் சொறி, அந்தப் பக்கம் பார்த்தால் பெண்களின் முகங்கள்.

மரியபுஷ்பம் எங்கள் படகுக்குத் தாவினாள்.

"ஏன்க்கா இறக்கலை?"

"நடு மோட்டார் போச்சும்மா. அதை எப்படிச் சரி பண்றதுன்னுதான் பாக்குறோம்."

"உங்க மோட்டாரு ஓடுதா ஓடலையாங்கிறது உங்க பாடு. எனக்குப் பொத்தல் எங்கன இருக்குன்னு தெரியணும். அதுக்கு இந்த ஒண்ணு எதுக்கு?"

கோபத்தில்தான் கேட்டாள். நானும் கோபத்தில்தான் பதில் சொல்லத் தொடங்கினேன். "அதுதானம்மா கீழே இறக்..." என்று பாதியில் நின்றுவிட்டேன். கீழே இறக்குவதற்கா மோட்டார்? கிணற்றில் வாளியை மோட்டார் வைத்தா இறக்குகிறோம்?

"உன் படகுல ஈயக்குண்டு இருக்கா?" என்றேன்.

"வலைக்காரி படகுல ஈயக்குண்டு இல்லாமயா?"

தினேஷுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "கயித்துல தொங்கவிட்டுருவோம்! சைடு மோட்டார் ரெண்டும் திருப்பிக்கும்" என்று துள்ளினான். கெட்ட மோட்டாரின் ஒயரை வெட்டி, முனைகளைத் தனித்தனியாக அடைத்து, கயிறு கட்டி, குண்டு கட்டி, கேமராவை வலைப் பக்கம் லேசாகச் சாய்த்து, எல்லாம் அவனே செய்தான். நங்கூரம் இடித்ததிலிருந்து நான் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பழுதான பொருள் இருக்கிறதே, அது கண்ணை அப்படியே கட்டிப்போட்டுவிடும். என்ன வேலைக்காக வந்தோம் என்பதை அது மறக்கடித்துவிடும். உங்களுக்கும் நடக்கும். அப்போது யாராவது உங்களைப் பார்த்துக் கத்தினால் கொஞ்சம் காது கொடுங்கள்.

கயிறு மரியபுஷ்பத்தின் கையில். கையில் துணி சுற்றிக்கொண்டு கூண்டின் வளையத்தில் கால் வைத்து மெல்ல நகர்ந்தாள். தினேஷ் கன்ட்ரோலைப் பிடித்தான். நான் திரையில் வெயில் படாமல் தார்ப்பாயைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு கத்தினேன்.

"இன்னும் விடு... இன்னும்... நிறுத்து! தினேஷ், வலது பக்கம் திருப்பு!"

கலங்கல் தண்ணீர். வலையின் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. திடீரென்று திரை முழுக்க ஒரு உருண்டை மூஞ்சி. இரண்டு முழிக் கண், நாலு பல். நான் தார்ப்பாயோடு பின்னால் சாய்ந்துவிட்டேன்.

"என்னக்கா?" என்று வளையத்திலிருந்து கத்தினாள் மரியபுஷ்பம்.

"பேத்தை! பேத்தை மீன் வந்து மூஞ்சியைக் காட்டுது!"

"அந்தக் கடன்காரிதான் வலையைக் கடிச்சிருக்கா! அங்கனயே பாருங்க, பக்கத்துலதான் இருக்கும்!"

அவள் சொன்னது சரி. பேத்தையின் பல்லுக்கு வலை முறுக்குப் போல. கொஞ்சம் தள்ளி, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, வலை வாய் பிளந்து கிடந்தது. அதன் வழியாக ஒரு கடல் விரால் தலையை வெளியே நீட்டிப் பார்த்தது. மழை பெய்கிறதா என்று வாசலில் நின்று பார்ப்பவரைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாசல் திறந்து கிடந்தும் போகாமல் இருக்கிறதுகள்!

அடுத்த வினாடி இடது பக்க மோட்டார் நின்றது. கிழிந்த வலையின் நூல் விசிறியில் சுற்றிக்கொண்டது. தினேஷ் வேகத்தைக் கூட்டினான். நான் அவன் கையை எடுத்துவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். நின்றுபோன மோட்டாருக்கு மேலும் மேலும் கரண்ட் கொடுத்தால் காயில் கருகிப்போகும், அவ்வளவுதான் நடக்கும்.

"மாட்டிக்கிச்சேக்கா, இப்போ எப்படி வெளிய எடுக்குறது?"

"எடுக்க வேணாம். எங்கன மாட்டியிருக்கு?"

அவன் யோசித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பொத்தல்லக்கா!"

பொத்தலின் வாயிலேயே இயந்திரம் நின்றுகொண்டது. மேலே மரியபுஷ்பத்தின் கையில் கயிறு. கயிறு நேராக எங்கே இறங்குகிறதோ அங்கே தூக்கினால் போதும். அடையாளம் வைக்க வேறு என்ன வேண்டும்? காதர் அண்ணன் "அல்ஹம்துலில்லாஹ், விட்டுடாதியம்மா கயித்தை!" என்று குரல் கொடுத்துக்கொண்டே வளையத்துக்கு ஏறினார். எல்லாரும் சேர்ந்து அந்தப் பக்கத்து வலையை மட்டும் கை கையாக இழுத்தார்கள். மீன்கள் மறு பக்கம் ஒதுங்கின. கடைசியில் வலையோடு எங்கள் இயந்திரம் மேலே வந்தது, பொத்தலைக் கவ்விப் பிடித்தபடி. ஒருத்தி நூலை வெட்டி அதை விடுவிப்பதற்குள் இன்னொருத்தி ஊசியில் நூலைக் கோத்துவிட்டாள். மரியபுஷ்பத்தின் முழங்கையில் சொறி பட்டுச் சிவந்து தடித்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. முடிச்சுப் போட்டுக்கொண்டே பேத்தையைத் திட்டினாள். திட்டிய திட்டில் பாதியை நான் இங்கே சொல்ல முடியாது.

சார் அன்று இரவு திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கெட்ட மோட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதை இப்பவே ரிப்பேர் பண்ணணுமா?" என்றார். "வேணாம் சார், முதல்ல சாப்பிடுவோம்" என்றான் தினேஷ். அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு மரியபுஷ்பம் வீட்டிலிருந்து வந்திருந்தது. கொழுந்தன் பிடித்த அதே மீன்.

மீன் பிடிக்கிற நாளும் வந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சொறி போய்க் கடல் கண்ணாடியாகக் கிடந்தது. கரையில் வியாபாரியின் வண்டி ஐஸோடு காத்திருந்தது. இயந்திரத்தைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள் மரியபுஷ்பம். மறுபடியும் கிழிசலோ என்று நான் பயந்துகொண்டே போனேன்.

"கிழிசல் எல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றாள். "நான் முங்குனவ, மீனைப் பாத்திருக்கேன். இவளுக இத்தனை மாசம் தீனி வெட்டிப் போட்டாளுக, மேல வாய் திறக்கும்போது பாத்ததோட சரி. கீழ அது எப்படிச் சுத்தும்னு ஒருத்தியும் பாத்ததில்ல. பிடிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை காட்டுங்க."

மூன்று மோட்டாரும் நன்றாக இருந்தன. தினேஷ் இறக்கினான். இந்த முறை கயிறு இல்லை, குண்டு இல்லை, இயந்திரம் தானாகவே இறங்கியது. பெண்கள் படகில் நெருக்கியடித்து உட்கார்ந்து, முந்தானைகளைச் சேர்த்துப் பிடித்துத் திரைக்கு நிழல் கட்டினார்கள். பச்சைத் தண்ணீரில் கடல் விரால்கள் ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒருத்தி "ஏலே, அந்தா பாருடா ராசா!" என்று மீனைக் கூப்பிட்டாள். இன்னொருத்தி கையைக் கொட்டிச் சிரித்தாள். பிறகு எல்லாரும் திரைக்கு இன்னும் நெருங்கி வந்தார்கள்.

கரையில் வியாபாரி வண்டியின் ஹார்னை அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அடித்தார்.

"அடிக்கட்டும்" என்றாள் மரியபுஷ்பம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரு சுத்து பாத்துக்கிறோம்."